வயல் ஓரத்தில் கழற்றிய பூட்ஸ்

என்னங்க,

மொட்டை மாடியில் மூன்று ஜோடி ரப்பர் பூட்ஸைக் கவிழ்த்துக் காயவைத்துவிட்டு, பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மார்கழி வெயிலில் ரப்பர் சூடாகி ஒரு வாடை கிளம்புகிறது. நம் பழைய காரின் டிக்கியைத் திறந்தால் மூஞ்சியில் அடிக்குமே, அதே வாடை. ஈர மண்ணும் ரப்பரும் மிஞ்சிப்போன எலுமிச்சம்பழச் சாதமும் சேர்ந்த வாடை. "இந்தக் காரைக் கழுவவே மாட்டீங்களா?" என்று சனிக்கிழமைதோறும் கத்துவேன். "அடுத்த சனிக்கிழமையும் அழுக்காகத்தானே போவுது" என்பீர்கள். கீழ்வீட்டு அம்மா துணி எடுக்க மாடிக்கு வந்தவர், "என்னம்மா இது, மீன் பிடிக்கப் போனீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். பதிலை உங்களிடம் சொல்கிறேன்.

இங்கிலாந்திலிருந்து கப்பலில் போட்ட பெட்டி சென்ற வாரம்தான் வந்து சேர்ந்தது. உங்கள் குடோன் நண்பர்கள் கட்டி அனுப்பிய பெட்டி. துணிமணி, பிள்ளைகளின் புத்தகங்கள், குக்கர், எல்லாவற்றுக்கும் அடியில் நம் நான்கு பேருடைய பூட்ஸும் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடந்தன. யாரும் கழுவியிருக்கவில்லை. தூக்கியதும் அடியில் ஒட்டியிருந்த மண் சில்லுசில்லாக உதிர்ந்து மொசைக் தரையில் விழுந்தது. மே மாதம் கடைசியாக அந்தக் குன்றில் ஏறினோமே, அந்த மண். அருள் ஓடி வந்து தன்னுடையதில் காலை நுழைத்துப் பார்த்தான். பாதிப் பாதம்கூடப் போகவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கால்தான் முதலில் வளர்கிறது. பெரியவள் ஜெனி அறை வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிட்டு, பெருக்க மனம் வராமல் திரும்ப மூலையில் சாத்திவிட்டேன்.

அந்தச் சாத்திய கதவைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் வேறு சிலவற்றைச் சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. நீங்கள் உயிரோடு இருந்தபோதும் நான் எதையும் நேராகச் சொன்னவள் இல்லையே.

நான் நர்ஸ் வேலைக்குப் புறப்பட்ட காலத்தில் தஞ்சாவூரில் தெருவுக்குத் தெரு இங்கிலீஷ் பரீட்சைக் கோச்சிங் போர்டு தொங்கியது. ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை பொய்த்துக்கொண்டிருந்த வருடங்கள். குடவாசல் பக்கத்து உங்கள் வீட்டில் இரண்டே பிள்ளைகள். அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டார், உங்களைப் படிக்கவைத்தார்கள். படித்த நீங்கள், பெண்டாட்டியின் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்து இங்கிலாந்தில் ஒரு குடோனில் பெட்டி அடுக்கினீர்கள். அதற்காக நீங்கள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஊரிலிருந்து போன் பண்ணியவர்கள்தான் சுளித்தார்கள்.

நீங்கள் ஏங்கியது வேறொன்றுக்கு. அது எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆயிற்று. ஒருநாள் பஸ்ஸில் ஊருக்கு வெளியே எங்கோ போய்விட்டு வந்து, ஜுரம் கண்டவர் மாதிரி கண்கள் மினுங்கச் சொன்னீர்கள்: "இங்கயும் பயிரு நிக்குதும்மா. பச்சைப்பசேல்னு. இவ்வளவு நாளா இந்த கடைத்தெருவையே பாத்துக்கிட்டு இருந்துட்டோமே." கோதுமை என்று நான் சொன்னேன். "பயிருன்னா பயிருதான்" என்றீர்கள்.

அதன்பிறகு என் நைட் டியூட்டிக்கும் உங்கள் ஷிப்டுக்கும் இடையில் சிக்கிய சனிக்கிழமைகள் எல்லாம் போயிற்று. தூங்க வேண்டிய என்னை எழுப்பி, சோறு கட்டச் சொல்லி, ஜெனியைக் கையிலும் பின்னால் பிறந்த அருளை முதுகிலும் சுமந்துகொண்டு வயல்வெளிக்குக் கிளம்பிவிடுவீர்கள். அங்கே அடுத்தவர் வயலுக்குள்ளும் பொதுவழி போகும், யாரும் கேட்க மாட்டார்கள் என்று லைப்ரரியில் மேப்பைப் பார்த்து நீங்களே கண்டுபிடித்திருந்தீர்கள். "நடக்கிறதுக்கு டிக்கெட்டே கிடையாது. இந்த வெள்ளக்காரன் இதுல மட்டும் நல்லவன்!" என்று குதித்தீர்கள்.

யாரும் கேட்க மாட்டார்கள்தான். ஆனால் உங்களால் கேட்காமல் போக முடியவில்லையே! முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகிறவர்கள் மாதிரி மூட்டை முடிச்சோடு நின்றோம். நான் பட்டுப்புடவை கட்டி மேலே கோட் போட்டிருந்தேன். வழிகாட்டும் பலகை ஒரு பண்ணை வீட்டு வாசலுக்குள் கையைக் காட்டியது. "மனுசங்க குடியிருக்கிற எடம். சொல்லாம கொள்ளாம எப்படி நுழையறது?" என்று என்னிடம் கிசுகிசுத்துவிட்டு, ஜெனிக்கு வாங்கிய வாழைப்பழச் சீப்பை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினீர்கள். திறந்த வெள்ளைக்காரப் பெரியம்மா பயந்தே போனார். "மேடம், உங்கள் வயல் வழியாகப் போகலாமா?" என்று இங்கிலீஷில் கேட்டுப் பழத்தை நீட்டினீர்கள். அது பொதுவழி, கேட்கவே வேண்டாம் என்று அவர் எவ்வளவு சொல்லியும் நீங்கள் நகரவில்லை. "சரி, போங்கள்" என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் காலடி எடுத்து வைத்தீர்கள். வெட்கத்தில் நான் கோட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை கதவுகளைத் தட்டியிருப்பீர்கள், எத்தனை சீப்பு வாழைப்பழம் கொடுத்திருப்பீர்கள்! வாழைப்பழக்காரர் என்று அந்த ஊரில் உங்களுக்கு ஒரு பெயரே இருந்திருக்கும்.

பிறகு அந்தக் கோதுமை வயல். ஜெனிக்கு அப்போது எட்டு வயது இருக்கும். மூன்று வயது அருள் பாதி நேரம் நடந்தான், பாதி நேரம் என் இடுப்பில். மேப்பின்படி வழி வயலின் நட்டநடுவே போனது. எதிரே மூட்டளவுக்கு வளர்ந்து நின்றது பயிர், வழியே தெரியவில்லை. நமக்கு முன்னால் போன ஒரு குடும்பம் நாயோடு சரசரவென்று உள்ளே நுழைந்து போய்க்கொண்டிருந்தது. நீங்கள் வயல் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டீர்கள்.

"பூட்ஸைக் கழட்டுங்க" என்றீர்கள்.

"குளிருதுங்க. ஏங்க?"

"பயிருக்குள்ள செருப்புக்காலோட எறங்குறதா? எங்கப்பா இருந்தா காலை உடைச்சிருப்பாரு."

"உங்கப்பா குடவாசல்ல கல்லறையில இருக்காரு. இது அவரு வயலா?"

"சோறு விளையற எடம் எங்க இருந்தா என்னம்மா" என்று குனிந்து ஜெனியின் பூட்ஸை நீங்களே கழற்றினீர்கள்.

இரண்டு வரிசைப் பயிருக்கு நடுவே இருந்த இடுக்கில், ஒருவர் பின் ஒருவராக, வெறுங்காலோடு நடந்தோம். நான்கு ஜோடி பூட்ஸையும் துண்டில் முடிந்து, உங்கள் நீளக் குடையின் இரண்டு முனையிலும் தொங்கவிட்டு, காவடி மாதிரி தோளில் வைத்துக்கொண்டு நீங்கள் முன்னால் போனீர்கள். பாதி வயல் தாண்டுவதற்குள் வயல்காரர் வண்டியில் வந்துவிட்டார். செருப்பு தொலைந்துபோயிற்றா, உதவி வேண்டுமா என்று கேட்டார். நீங்கள் விளக்கினீர்கள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அங்கே நடக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு என்றார். தெரியும், ஆனால் இது சாப்பாடு என்றீர்கள். உங்கள் இங்கிலீஷில் அதற்குமேல் வார்த்தை கிடைக்கவில்லை. மனிதர் நம் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், இந்த மண்ணில் கூர்மையான கல் இருக்கிறது, பிள்ளைகள் பாதம் கிழியும், வேலிப்புதர் ஓரமாக வாருங்கள் என்று தானே வழிகாட்டிக் கூட்டிப்போனார். மழை பிடித்துக்கொண்டதும் தன் கொட்டகையில் உட்காரவைத்தார். எலுமிச்சம்பழச் சாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் அவருக்கும் ஒரு தட்டில் வைத்தேன். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிய, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தார். நீங்கள் பெருமையில் பூரித்து உட்கார்ந்திருந்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அதிலிருந்து பிள்ளைகளுக்கு அது பழக்கமாகிவிட்டது. வயல் வந்தால் பூட்ஸைக் கழற்ற வேண்டும், தாண்டியதும் போட்டுக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்து நண்பர்கள் சிரித்தாலும் ஜெனி விடமாட்டாள். மழையென்றால் உங்களிடம் ஒரே பதில்தான்: "நனைஞ்சா காஞ்சிட்டுப் போவுது, விடு." நான் முணுமுணுத்துக்கொண்டேதான் வருவேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். வாரம் முழுக்க வார்டில் மற்றவர்களின் வலியைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, உங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்த அந்த நேரம்தான் மூச்சு விட்ட நேரம். உங்களை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் காரைக் கழுவவில்லை என்று கத்திக்கொண்டிருந்தேன்.

கடைசியாக அந்தக் குன்று. வேலியைத் தாண்டும் மரப்படியில் நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். "நீங்க ஏறுங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றீர்கள். பதின்மூன்று வயது ஜெனி கேட்பாளா? மேலே ஓடியவள் அங்கிருந்து கத்தினாள்: "அப்பா, மேல வாங்க, இங்கேருந்து எல்லாம் தெரியுது!" திரும்ப இறங்கி வந்து உங்கள் கையைப் பிடித்து இழுத்தாள். சிரித்துக்கொண்டே எழுந்து போனீர்கள். உச்சியில் நின்று, பச்சையும் மஞ்சளுமாக விரிந்து கிடந்த வயல்களைப் பார்த்து, "எங்க அண்ணன் இதைப் பாக்கணும்" என்றீர்கள். அடுத்த வாரம் குடோனில் வேலை நேரத்தில் சரிந்து விழுந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போதே எல்லாம் முடிந்திருந்தது.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. சட்டைப்பையில் வாயு மாத்திரை இருந்தது. எத்தனை நாளாக நெஞ்சில் பிசைந்ததோ, இதய வார்டு நர்ஸைக் கட்டிக்கொண்டு அவளிடமே மறைத்திருக்கிறீர்கள். சண்டை போட ஆளில்லாமல் போனதால் அந்தக் கோபத்தை நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். போகட்டும். ஆனால் நீங்கள் மறைத்ததற்கு விலை கொடுத்தது நான் அல்ல, உங்கள் மகள்.

உங்களை ஊருக்குக் கொண்டுவந்து, உங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம். திரும்பிப் போக எனக்கு மனமில்லை. தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது, வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தேன். ஜெனி அழவில்லை. எல்லோரும் "பொண்ணு தைரியசாலி" என்றார்கள். ஒருநாள் தலை பின்னிவிடும்போது, கண்ணாடியைப் பார்த்தபடி, "நான்தான்மா அப்பாவ இழுத்தேன்" என்றாள். அவ்வளவுதான். பின்னலைப் பாதியில் விட்டேன். அடைப்பு எப்படி வருடக்கணக்கில் சேரும், ஒரு குன்றில் ஏறுவதால் அது வராது என்று, வார்டில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்கும் சொன்னேன். படம் போட்டுக் காட்டினேன். கேட்டுக்கொண்டாள். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் விட்டால் அறை. பெரிய கோயில் புல்வெளிக்குக் கூப்பிட்டால் வரமாட்டாள், மாடிக்குக்கூட வரமாட்டாள். யாரையும் எங்கேயும் "வா" என்று கூப்பிடவே மாட்டாள். தம்பி வாசலில் இருந்தால் சாப்பாடு ஆறுகிறது என்று என்னிடம் வந்து சொல்வாளே தவிர, அவனைக் கூப்பிட அவளுக்கு வாய் வராது.

இந்த வருடம் கிறிஸ்துமஸ் நமக்கு இல்லை. வாசலில் ஸ்டார் கட்டவில்லை, கேக் செய்யவில்லை. லீவுக்கு உங்கள் கல்லறைக்குப் போகலாம் என்று மட்டும் பேசியிருந்தோம். அந்த நேரத்தில்தான் பெட்டி வந்து, அந்த மண் தரையில் உதிர்ந்து, அந்தக் கதவு சாத்திக்கொண்டது. பெருக்காத மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். இந்தப் பெண் இப்படியே வளர்ந்தால் வாழ்நாள் முழுக்க யார் கையையும் பிடித்து இழுக்க மாட்டாள். அதை நான் அனுமதிக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். சனிக்கிழமை நாம் வெளியே போகிறோம், சோறு கட்டிக்கொண்டு, பூட்ஸ் போட்டுக்கொண்டு, எப்போதும்போல.

உங்கள் அண்ணனுக்குப் போன் செய்து, கல்லறைக்குப் போய்விட்டு அப்படியே வயல்வழியாக ஆற்றங்கரைக்குப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போய்ச் சாப்பிடப் போகிறேன் என்றேன்.

"ஏம்மா, வருஷம் திரும்பி அவனுக்கு ஆண்டுப் பூசை முடியட்டும். துக்க வீட்டுல பிக்னிக்கா? ஊரு என்ன பேசும்?"

"ஊரு பேசட்டும் மாமா. என் பொண்ணு பேசலையே."

"எல்லாம் சரியாப் போவும். வயசுப்புள்ள, நாளானா மறந்துடும்."

"மறக்கக் கூடாது மாமா. அதுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்."

"நான் சொல்றதைச் சொல்லிட்டேன்" என்று வைத்துவிட்டார். நல்ல மனிதர்தான், உங்களுக்கே தெரியும். உங்கள் சவப்பெட்டியைத் தோளில் தூக்கியவர், அன்றிலிருந்து பாதியாக இளைத்துவிட்டார். ஆனால் எனக்கு வேறு வழியில்லை.

சனிக்கிழமை காலை கும்பகோணம் போய் வண்டி மாறி, குடவாசலில் இறங்கி, மினி பஸ் பிடித்துப் போனோம். கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு நேரே உங்கள் அண்ணன் வீட்டு வாசலுக்குப் போனேன். உள்ளே நுழையாமல் படிக்குக் கீழேயே நின்றேன். உங்கள் அண்ணிதான் முதலில் வந்தார்கள். "ஏன் வெளியிலயே நிக்கிற? உள்ள வா" என்றார்கள். நான் அசையவில்லை. உங்கள் அண்ணன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து நீட்டினேன்.

"மாமா, உங்க வயல் வழியா நடந்து போகலாங்களா?"

வேடிக்கைக்காகச் செய்யவில்லை. உங்கள் வழியில் கேட்டால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வருமென்றுதான் கேட்டேன். அவர் பழத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். நீங்கள் போனில் அவரிடம் அந்தக் கதையெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள் என்பது அவர் முகம் போன போக்கிலேயே தெரிந்தது. "வெள்ளக்காரன் ஊர்லயும் பழத்தைத் தூக்கிட்டு அலைஞ்சான், பைத்தியக்காரன்" என்றவர், பழத்தை வாங்கி அண்ணி கையில் கொடுத்தார். "உங்க வயல்தானே அது. போங்க. எனக்கு இஷ்டமில்ல, ஆனா போங்க" என்றார்.

இனி ஜெனி. நான் அவளை வற்புறுத்தவில்லை. அவர்கள் வீட்டு வராந்தாவில் பூட்ஸை வெளியே எடுத்தேன். அவளுடைய பழைய ஜோடி அருளுக்குச் சரியாக இருந்தது. "என்னோடது உனக்குச் சரியாயிருக்கும், இஷ்டமிருந்தா போட்டுக்க" என்றேன். பிறகு உங்களுடையதை எடுத்து, உள்ளே பழைய துணியைத் திணித்து, சுடிதாருக்குக் கீழே என் காலை விட்டேன்.

"அம்மா, அது அப்பாவோடது. ரொம்பப் பெருசு. விழுந்துடுவீங்க."

"விழுந்தா விழறேன். அருள் பாத்துக்குவான்."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். என்னை அவனிடம் ஒப்படைக்க அவளுக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டு என் பூட்ஸை இழுத்துப் போட்டாள். தெருவில் நான் டக்டக்கென்று நடந்ததைப் பார்க்க வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்தார்கள். புருஷன் செத்து வருஷம் திரும்பாதவள், ஆம்பிளை பூட்ஸை மாட்டிக்கொண்டு, குடையும் சோற்றுப்பையுமாகப் போகிறாள்! யாரோ ஒரு பெண் முகவாயில் கை வைத்தாள். நான் அவளைப் பார்த்து நன்றாகச் சிரித்துவிட்டுப் போனேன்.

தெரு முடிந்து வயல் தொடங்கியது. சம்பா கதிர் பால் பிடித்து நின்றது. முந்தின நாள் தூறலில் வரப்பு வழுக்கியது. நான் வரப்பைப் பார்த்துப் பார்த்து அடிவைத்துக்கொண்டிருந்தபோது, அருள் ஒரு நண்டைப் பார்த்துவிட்டான். "அம்மா, க்ராப்!" என்று கத்திக்கொண்டு, பூட்ஸோடு வரப்பிலிருந்து வயலுக்குள் குதிக்கக் காலைத் தூக்கினான்.

"டேய்! ஷூவைக் கழட்டு! பயிருக்குள்ள பூட்ஸோட எறங்குவியா? அப்பா திட்டுவாரு!"

ஜெனிதான். அவ்வளவு சத்தமாக அவள் குரலைக் கேட்டு ஏழு மாதமாகிறது. அருள் அப்படியே உறைந்து நின்றான். அவளும்தான். தன் வாயிலிருந்து வந்ததை அவளே அப்போதுதான் கேட்டவள் மாதிரி நின்றாள். எனக்கு எங்கே அவள் திரும்பி ஓடிவிடுவாளோ என்று இருந்தது. ஆனால் அவள் குனிந்து முதலில் தன்னுடையதைக் கழற்றினாள். பிறகு தம்பியின் காலைத் தூக்கி அவனுடையதையும் உருவினாள். "அம்மா, நீங்களும்" என்றாள். நானும் கழற்றினேன். மூன்று ஜோடியையும் துண்டில் முடிந்து, குடையின் இரண்டு முனையிலும் மாட்டித் தோளில் வைத்தேன். அது இவ்வளவு கனம் என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. அதில் நான்கு ஜோடி வேறு தூக்கினீர்கள்.

வெறுங்காலோடு நடந்தோம். அருள் நண்டைப் பிடித்தான், நண்டு அவனைப் பிடித்தது, அவன் அலறினான். ஜெனி சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டாள். வயல் முடிந்து ஆற்றங்கரை வந்தது. உங்களுக்குத் தெரியாத கரையா, வெள்ளத்துக்காக மண்போட்டு உயர்த்தியிருக்கிறார்களே, அதுதான். நம் சீமையில் அதுதான் குன்று. பிள்ளைகள் இருவரும் ஓட்டமாக ஏறிவிட்டார்கள். மேலே போன ஜெனி, தண்ணீர் இருகரை தொட்டு ஓடுவதையும், அந்தப் பக்கம் அடிவானம் வரைக்கும் கதிர் தலைசாய்த்து நிற்பதையும் பார்த்துவிட்டு, தன்னை மறந்து என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, மேல வாங்க, இங்கேருந்து எல்லாம் தெரியுது!"

சொல்லி முடித்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. கையை முன்னால் நீட்டி, "வேணாம்மா, வேணாம். அங்கயே இருங்க. நானே கீழ வந்துடுறேன்" என்றாள்.

அங்கேயே நின்றிருந்தால் எல்லாம் முடிந்தது. அவள் கூப்பிட்டதற்கு நான் போகாமல் இருப்பதா?

"நீ எறங்காத. அங்கயே நில்லு. நான் வர்றேன்."

"அம்மா, ப்ளீஸ்."

"கூப்பிட்டல்ல? வர்றேன், இரு."

காவடியைத் தோளில் சரிசெய்துகொண்டு ஏறத் தொடங்கினேன். மண் ஈரமாகச் சறுக்கியது, கால்விரலை ஊன்றி ஏறினேன். வேண்டுமென்றே நிற்கவில்லை, வேண்டுமென்றே வேகமாகவும் போகவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சிக்கு இரண்டடி இருக்கும்போது சறுக்கிவிட்டேன். அவள் கை தானாக நீண்டது. பிடித்தாள், இழுத்தாள். ஆமாம், என்னை இழுத்தாள். மேலே போய் நின்றேன். மூச்சு வாங்கியது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, நான் நோயாளிகளுக்குச் செய்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாளே, அதேபோல நாடியில் விரலை வைத்தாள். நான் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அவள் வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"பாத்தியா? மேல வந்துட்டேன். ஒண்ணும் ஆவல" என்றேன்.

அப்போதுதான் அழுதாள். உங்களுக்காக இத்தனை நாள் அழாமல் வைத்திருந்ததையெல்லாம் அழுதாள். நானும் அழுதேன். அருள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "சாப்பாடு எப்ப?" என்றான். உங்கள் பிள்ளைதான், சந்தேகமில்லை.

கரைமேல் உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டோம். சாப்பிடும்போதே தூறல் போட்டது. நான் குடையைப் பிரிக்கப் போனேன். அதில் பூட்ஸ் தொங்கியது. "நனைஞ்சா காஞ்சிட்டுப் போவுது, விடுங்கம்மா" என்றாள் ஜெனி, வாய் நிறையச் சோற்றோடு.

திரும்பி வரும்போது பம்புசெட்டருகே உங்கள் அண்ணன் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு பார்த்தார் என்று தெரியாது. "ஆண்டுப் பூசைக்கு அப்புறம் போயிருக்கலாம்" என்று எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். சொல்லிக்கொண்டே எழுந்து போய் மோட்டாரைப் போட்டுவிட்டார். தண்ணீர் குபுகுபுவென்று விழுந்தது. பிள்ளைகள் சேற்றுக்காலைக் கழுவினார்கள். அவரே குனிந்து ஜெனியின் குதிகாலில் ஒட்டியிருந்த சேற்றைத் தேய்த்துவிட்டார். அந்தக் குன்றின் உச்சியிலிருந்து பார்க்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்ட மனிதர், தன் வயலைவிட்டு எங்கே வரப்போகிறார்.

எல்லாம் முடிந்ததும் என் தோளைப் பார்த்து, "குடும்மா, நான் தூக்கிட்டு வர்றேன். கனமா இருக்கும்" என்று கையை நீட்டினார்.

"கனமாத்தான் இருக்கு மாமா" என்றேன். "இருக்கட்டும்."

தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன். முன்னால் ஜெனி, "அம்மா, சீக்கிரம் வாங்க, பஸ்ஸு போயிடும்" என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள்.